யார் எழுதியது என்று கேட்கக் கூடாது

ஷமீமா கதையின் கடைசிப் பத்திக்கு வந்திருந்தாள். நடுவரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரையை உரசிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. கறுப்புப் புர்கா அணிந்த ஒரு பெண்மணி எழுந்தார். சற்றுக் குனிந்தபடி, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, கூடத்தை விட்டு வெளியே போனார். ஷமீமா ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு மீதியையும் படித்து முடித்தாள். குரல் நடுங்கவில்லை.

வெளியே போனவர் அவளுடைய அம்மா, ஜெமீலா.

எங்கள் கல்லூரிக் கூடம் ஒரு காலத்தில் நெல் கிடங்கு. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும், தை மாதத்து வெயில் ஏறியதும் சுவரிலிருந்து பழைய உமி வாசனை கிளம்பிவிடும். வெளியே சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் தூசி வேறு. கூடத்தில் பாதிப் பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தும்மல்களுக்கு நடுவே ஒருத்தி எழுந்து போனதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய ஊரிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் மட்டும் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள்.

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு, பழைய மாணவிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சாம்பார் அவ்வளவு மோசமில்லையாம். திருமணமாகி, பிள்ளை பெற்று, தினமும் தானே சமைத்துச் சாப்பிட்டால் விடுதிச் சாம்பாரும் அமுதமாகத்தான் தெரியும். அந்த வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். இந்த வாரம் சொல்ல வந்தது வேறு. பெயர்களையும் ஊர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் எழுத வேண்டும்

எங்களுடையது சின்னக் கல்லூரி. தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால் வாய்க்கால் மதகுக்கு எதிரே இறங்கிக்கொள்ளலாம். பெண்கள் மட்டும். வரலாறு, பொருளாதாரம், தமிழ், ஆங்கிலம் என்று எதை எடுத்துப் படித்தாலும், நான் நடத்தும் எழுத்து வகுப்பு எல்லோருக்கும் கட்டாயம். கதையோ கவிதையோ கட்டுரையோ, வாரம் ஒன்று எழுதித் தர வேண்டும். ‘அந்தக் கதை எழுதுற காலேஜா?’ என்று கண்டக்டர்களே கேட்கும் அளவுக்கு அதனால் ஒரு பெயர். இங்கே படித்தவர்கள் வார இதழ்களில் எழுதுகிறார்கள், சீரியலுக்கு வசனம் எழுதுகிறார்கள். ஒருத்தி கல்யாண மண்டபத்துக்கு விளம்பரம் எழுதிக் கைநிறையச் சம்பாதிக்கிறாள்.

சேர்க்கைக்கு வரும் அப்பாக்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கதை எழுதினால் வேலை கிடைக்குமா? ஆரம்பத்தில் இதற்கு நீளமாகப் பதில் சொல்வேன். இப்போது ‘டைப்பிங்கும் சொல்லித் தருகிறோம்’ என்று மட்டும் சொல்கிறேன். அவர்களும் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

தர மதிப்பீட்டுக்கு ஒரு குழு வந்திருந்தபோது, எழுத்து வகுப்பின் கற்றல் விளைவு என்ன என்று கேட்டார்கள். மாணவிகள் தங்கள் வீட்டை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள் என்றேன். அதை எப்படி அளப்பீர்கள் என்றார் ஒருவர். நல்ல மனிதர், கிண்டலாகக் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் அவருக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னேன்.

சலிப்பு என்று ஒன்று உண்டே, அது வேலை கூடுவதால் வருவதில்லை. ஒரே கேள்விக்கு ஆயுள் முழுவதும் பதில் சொல்வதால் வருவது. ஷமீமா விஷயம் நடந்த வருஷம் எனக்கு அது கழுத்து வரை இருந்தது.

ஜீப்பில் போனவள்

எங்கள் வாசிப்பு நாள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி நடப்பது புரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்து வாசிப்பு நாள் நடத்துவோம். பெற்றோர் வருவார்கள். மாணவிகள் எழுதியவற்றைப் பெயரில்லாமல் தட்டச்சு செய்து, சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுப்பார்கள். எழுதியவளே எடுத்துவிட்டால் திரும்பப் போட்டுவிட வேண்டும். ஒருத்தி எழுதியதை இன்னொருத்திதான் படிப்பாள். எழுதியவள் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது, தெரிந்தவர்கள் சொல்லக் கூடாது. இதை ஆரம்பத்திலேயே மைக்கில் அறிவித்துவிடுவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ஏற்பாடு கிடையாது. எழுதியவளே பெயர் சொல்லி மேடையேறிப் படிப்பாள். திருப்பனந்தாள் பக்கத்துப் பெண் ஒருத்தி, தன் அக்காவுக்கு வரன் பார்த்த கதையைப் படித்தாள். கூடமே சிரித்தது. அவளுடைய மாமா சிரிக்கவில்லை. மறுநாள் ஜீப்பில் வந்து அவளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பெண் திரும்பி வரவேயில்லை. அதன் பிறகு அப்போதிருந்த முதல்வர் கொண்டுவந்ததுதான் இந்த வழக்கம்.

பெண்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட வேலி அது. பல வருஷங்கள் காப்பாற்றவும் செய்தது.

அப்பா ஊருக்குப் போகும் நாள்

ஷமீமா அன்றைக்குப் படித்த கதையை எழுதியவள் அவளுடைய விடுதி அறைத் தோழி மகேஸ்வரி. கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம். அவளுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மா குத்தகை நிலத்தில் நடவும் அறுப்பும் பார்த்துக்கொண்டு வீட்டையும் நடத்துகிறார். மகேஸ்வரி அதிகம் பேச மாட்டாள். எழுத உட்கார்ந்தால் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே எழுதுவாள்.

கதை சின்னது. அப்பா விடுமுறையில் வந்திருக்கிறார். அம்மா விடியலில் எழுந்து மூன்று வேளையும் சூடாகச் சமைக்கிறார். டிவி ரிமோட் கை மாறுகிறது, கட்டில் கை மாறுகிறது, கடைக்கு எப்போது போவது என்பதுகூட அப்பாவின் கணக்கில் போய்விடுகிறது. அப்பா நல்லவர்தான். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். ஒருநாள் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் வருகிறது. தெருமுனையில் வேன் திரும்பும்வரை அம்மா வாசலில் நின்று அழுகிறார். பிறகு உள்ளே வந்து, சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, கொல்லைப் படியில் ஈரக் கூந்தலை விரித்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அன்றைக்கு முழுக்க அடுப்பு மூட்டுவதில்லை. கடை பன்தான் சாப்பாடு. அழுததும் நிஜம், உட்கார்ந்திருப்பதும் நிஜம் என்று எழுதியிருந்தாள். ‘அன்றைக்குத்தான் எங்கள் அம்மா எங்கள் அம்மா மாதிரி இருப்பார்’ என்பது கடைசி வரி.

அதை வகுப்பில் முதலில் படித்தபோது, சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

சீட்டில் அது ஷமீமாவுக்கு விழுந்தது. ஷமீமாவுக்குக் கணீரென்ற குரல். பேராவூரணிக்குக் கிழக்கே கடலோரத்து ஊர். அவளுடைய அத்தா துபாயில் ஒரு கடையில் இருக்கிறார். பஸ் தாமதமானதால் ஜெமீலாவும் அந்த ஊர்ப் பெண்கள் இருவரும் வந்து சேர்ந்தபோது மைக் அறிவிப்பெல்லாம் முடிந்திருந்தது. அவர் உட்கார்ந்தார், மகள் மேடையேறினாள். ‘எங்கள் அம்மா’ என்று தொடங்கி, அம்மா அப்பாவை ஊருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்த கதையை, ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கேட்க, கணீரென்று படித்தாள்.

“வந்துச்சும்மா”

கூட்டம் முடிந்ததும் ஜெமீலா என் அறைக்கு வந்தார். பின்னாலேயே ஷமீமா. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வழக்கத்தை விளக்கினேன். இது உங்கள் மகள் எழுதியதில்லை, சீட்டில் விழுந்ததைப் படித்தாள், அவ்வளவுதான் என்றேன். கதையில் ‘அப்பா’ என்றுதானே வருகிறது, உங்கள் வீட்டில் ‘அத்தா’ அல்லவா என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். மாற்றி எழுதுவதுதானே உங்கள் தொழில் என்றார்.

“நாங்க ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள சேதி துபாய்க்குப் போயிடும் டீச்சர். நோன்புக்கு இவ அத்தா வர்றாங்க. வந்து என் மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டா நான் என்ன சொல்றது? எழுதினது யாருன்னு பேரச் சொல்லுங்க. புள்ளைய இங்கயே விட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏறிடறேன்.”

ஒரு பெயர். அதைச் சொன்னால் ஷமீமா இங்கே தொடர்ந்து படிப்பாள். ஆனால் கூடத்தில் மகேஸ்வரியின் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரிலிருந்தும் சிங்கப்பூருக்கு போன் போகும். சொல்ல முடியாது என்றேன். அப்படியென்றால் எழுதியது என் பிள்ளைதான் என்றார் ஜெமீலா. பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினார்.

“நீ எழுதலயா?”

“இல்லம்மா.”

“படிக்கும்போது என் ஞாபகம் வரலயா ஒனக்கு?”

ஷமீமா சன்னல் பக்கம் திரும்பினாள். இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். எழுத்து வகுப்பில் உண்மையை எழுது, உண்மையை எழுது என்று தொண்டை வறளச் சொன்னவள் நான்தான்.

“வந்துச்சும்மா” என்றாள்.

ஜெமீலா கைப்பையை எடுத்துக்கொண்டார். “கெளம்பு” என்றார். மாற்றுச் சான்றிதழை அவள் அத்தா வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வோம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஒரு வீடு போதும்

விடுதி அறையில் ஷமீமா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கதவருகில் நான் போனபோது மகேஸ்வரி அழுதுகொண்டே அவள் மடித்துவைத்த துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். தானே போய்ச் சொல்லிவிடுவதாக என்னைப் பார்த்துச் சொன்னாள். ஷமீமா துணிகளைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள்.

“நீ சும்மா இரு. ஒரு வீடு போதும்” என்றாள்.

மதகுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றபோது மகேஸ்வரியின் அம்மாவும் அங்கே இருந்தார். மறுநாள் அறுப்பு மெஷின் வருகிறதாம், இருட்டுவதற்குள் ஊர் போயாக வேண்டும். ஜெமீலாவின் கண்களைப் பார்த்ததும் அவருக்கு மனம் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பிள்ளைகள் எதையாவது எழுதும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தேற்றினார். அந்தக் கதையைக் கேட்டுத் தனக்கே அழுகை வந்துவிட்டது, எந்த வீட்டுப் பொம்பளையோ பாவம் என்றார்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்தது.

நோன்பு மாதம்

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. ஷமீமாவின் போன் அணைத்தே கிடந்தது. வருகைப் பதிவில் அவள் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் நீண்டுகொண்டே போயிற்று. பரீட்சைக்கு முன் வராவிட்டால் வருஷம் போய்விடும் என்று முதல்வர் நினைவூட்டினார். எனக்கென்னவோ வருஷத்தோடு முடியும் என்று தோன்றவில்லை. ஜீப்பில் போனவளும் அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மகேஸ்வரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். வாரம் தவறாமல் வெள்ளைத்தாளை மடித்துக் கொடுத்தாள். நானும் தேதி போட்டு வாங்கி வைத்தேன். திட்ட மனமில்லை. சொல்லப் போனால், திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பெயரைச் சொன்னால் ஒருத்தி போகிறாள், சொல்லாவிட்டால் இன்னொருத்தி போகிறாள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், அதுவரை பாடப்புத்தகத்தை மட்டும் நடத்திவிட்டுப் போகலாமே என்று ஆசையாக இருந்தது. இதைச் சக ஆசிரியை ஒருத்தியிடம் சொன்னேன். அவள், உங்களால் ஒரு வாரம்கூட முடியாது மேடம் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸிலிருந்த கேசரியைச் சாப்பிட்டாள்.

அறுப்பு முடிந்து வயல்களில் உளுந்து காய்த்துக் கிடந்தது. பெருநாள் வந்து போனது. ஷமீமா வரவில்லை.

ஈரக் கூந்தல்

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு மத்தியானம். மின்விசிறி சுற்றினாலும் வெக்கை தணியாத நேரம். அறை வாசலில் நிழல் விழுந்தது. ஜெமீலாவும் ஷமீமாவும் நின்றார்கள். ஷமீமாவின் கையில் அதே பெட்டி.

பெட்டியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் பெட்டியோடு வர மாட்டார்கள்.

ஜெமீலா இந்த முறை உட்கார்ந்தார். மின்விசிறி அவர் பக்கமிருந்து காற்றைத் தள்ளியது. சீயக்காய் வாசனை வந்தது. புர்காவுக்குள் கூந்தல் இன்னும் காய்ந்திருக்காது என்று நினைத்தேன். விடியற்காலையில் பாங்கு சொல்வதற்கு முன்பே வேன் வந்துவிட்டது, ஷமீமாவின் அத்தா புறப்பட்டுப் போய்விட்டார் என்றார். மேலே அவரே சொன்னார்.

“அவங்க காதுக்குச் சேதி போயிருந்துச்சு டீச்சர். நோன்பு முழுக்க ஒண்ணும் கேக்கல. நேத்துப் பெட்டி கட்டும்போது கேட்டாங்க, ‘நான் வந்தா ஒனக்குச் செரமமா இருக்கா’ன்னு. நான் பதில் சொல்லல. சட்டைய மடிச்சு மடிச்சு வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, ‘புள்ள போய்ப் பரீட்சைய எழுதட்டும்’னாங்க. அவ்வளவுதான்.”

பதில் சொல்லாமல் இருந்ததற்கு என்ன நினைத்திருப்பாரோ என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். துபாய் போய் இறங்கியதும் போன் செய்வார், அப்போது பேச வேண்டும் என்றார். மேசைமேல் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஷமீமாவை விடுதிக்குப் போகச் சொல்லிவிட்டு அவரும் எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

“எழுதின புள்ள யாருன்னு கேக்கல டீச்சர். ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க அதுகிட்ட. அன்னைக்கு அடுப்பே பத்த வைக்க மாட்டாங்கன்னு எழுதியிருந்துச்சு. அது தப்பு. டீ மட்டும் போடுவோம். ஒரே ஒரு டம்ளர், நமக்குன்னு. அதையும் எழுதச் சொல்லுங்க.”

தலையாட்டினேன். அவர் மதகுப் பக்கம் நடந்து போவதைச் சன்னல் வழியே பார்த்தேன். வெயிலில் மெதுவாகத்தான் போனார்.

சாயங்காலம் விடுதிக்குப் போனேன். அறையில் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பெட்டியிலிருந்த பெருநாள் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். மகேஸ்வரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஜெமீலா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அவள் வாயில் இருந்ததை மெல்லாமல் நின்றாள்.

“எங்கம்மாவும் டீ போடும் மிஸ்” என்றாள். “அத எப்படி விட்டேன்?”

உள்ளே போய்ப் பேனாவைத் தேடினாள்.